மாடல் கிட்டில் மாஸ்கிங்கும் பெயிண்டிங்கும்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கு ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் பின்பக்க பால்கனிதான் என் பட்டறை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலைந்து பேர், பாதி முடிந்த கிட்டுகளை (பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் செய்யும் சிறு விமான, கப்பல் மாடல்களை) பிஸ்கட் டின்னில் பத்திரமாக வைத்துத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பள்ளி விடுமுறையில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஒட்டுவது, தேய்ப்பது பற்றி யாரும் அதிகம் கேட்பதில்லை. ஒரு நிறத்தை மூடிவிட்டு இன்னொரு நிறம் அடிக்கும் இடத்தில்தான் எல்லாருக்கும் கை தயங்குகிறது.

திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். நாம் பார்க்கும் வீடியோக்களில் பெரும்பாலானவை குளிர்நாட்டில் எடுத்தவை. அவர்கள் சொல்லும் நேரக்கணக்கு நம் ஊர்ப் புழுக்கத்துக்கு ஒத்துவராது. அதனால் நம் ஊர்க் கணக்கிலேயே சொல்கிறேன்.

மாஸ்கிங் என்றால் என்ன? கை நிதானமாக இருந்தால் தூரிகையாலேயே கோடு போட முடியாதா?

பாத்தேக் துணி செய்வதைப் பார்த்திருப்பீர்கள். சாயம் படக்கூடாத இடத்தில் உருக்கிய மெழுகை வைத்துவிட்டு, பிறகு துணிக்குச் சாயம் ஏற்றுவார்கள். மெழுகு இருந்த இடம் மட்டும் பழைய நிறத்திலேயே நிற்கும். மாஸ்கிங்கும் அதேதான். நிறம் படக்கூடாத இடத்தை டேப்பாலோ திரவத்தாலோ காகிதத்தாலோ மூடுகிறோம்.

சின்னச் சின்ன இடங்களுக்குத் தூரிகை போதும். பைலட்டின் பெல்ட், டயரின் ஓரம் இதற்கெல்லாம் நான் டேப் ஒட்டுவதில்லை. ஆனால் விமானத்தின் இறக்கையிலோ கப்பலின் நீர்க்கோட்டிலோ நேர்க்கோடு வேண்டுமென்றால் கையை நம்பாதீர்கள். 1/72 அளவில், அதாவது உண்மையானதில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவில், அரை மில்லிமீட்டர் பிசகினால் அது உண்மையான விமானத்தில் மூன்றரை சென்டிமீட்டர் பிசகு. கண் உடனே பிடித்துவிடும்.

ஹார்ட்வேர் கடையில் விற்கும் மாஸ்கிங் டேப் போதாதா, அண்ணே? மாடல் கடை டேப் விலை அதிகமாக இருக்கிறதே.

சுவருக்குப் பெயிண்ட் அடிக்க அது சரி. மாடலுக்கு மூன்று காரணங்களால் சரிவராது. அதன் காகிதத்தில் சுருக்கம் சுருக்கமாக இருக்கும், ஒவ்வொரு சுருக்கத்தின் அடியிலும் பெயிண்ட் நுழைந்துவிடும். பசை அளவுக்கு மீறி வலுவானது. தடிமனும் அதிகம், அதனால் கோட்டின் ஓரத்தில் மேடு தட்டும்.

மாடலுக்கென்று விற்கும் மஞ்சள் நிற டேப் ஜப்பானிய வாஷி காகிதத்தில் செய்தது. மெல்லியது, வழவழப்பானது, பசை இதமானது. தாமியா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் டேப் 6, 10, 18 மில்லிமீட்டர் அகலங்களில் கிடைக்கிறது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 10 வாங்குங்கள். தேவையான அகலத்துக்கு நாமே வெட்டிக்கொள்ளலாம்.

பணத்தை மிச்சப்படுத்த ஒரு வழி உண்டு. கோட்டின் ஓரத்துக்கு மட்டும் நல்ல டேப்பில் 2 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை. அதற்குப் பின்னால் மூட வேண்டிய பெரிய பரப்புக்கு ஹார்ட்வேர் கடை டேப்பும் பழைய செய்தித்தாளும். மலிவு டேப்பின் பசை மாடலில் படாமல், நல்ல டேப்பின் முதுகில் மட்டும் ஒட்டும்படி பார்த்துக்கொண்டால் ஒரு ரோல் மாதக்கணக்கில் வரும்.

இன்னொன்று. ரோலின் பக்கவாட்டில் தூசியும் நூலிழையும் ஒட்டிக்கொள்ளும். அந்த ஓரத்தை அப்படியே வைத்துக் கோடு போட்டால் கோடு பிசிறடிக்கும். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் டேப்பை ஒட்டி, இரும்பு ஸ்கேல் வைத்து, புது பிளேடால் ஓரத்தில் ஒரு மெல்லிய இழையை வெட்டி எறியுங்கள். புதிதாக வெட்டிய அந்த ஓரம்தான் மாடலில் படவேண்டியது. ரோலை ஜிப் பையில் போட்டு மூடி வையுங்கள். காரில் விட்டுவிடாதீர்கள், வெயிலில் பசை இளகி மாடலில் பிசுபிசுப்பை விட்டுவிடும்.

டேப் ஒட்டித்தான் அடித்தேன். ஆனாலும் பெயிண்ட் உள்ளே கசிந்து கோடு பல்லுப் பல்லாக வந்துவிட்டது. ஏன்?

அகல் விளக்கில் திரி எண்ணெயை மேலே இழுப்பதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? டேப்புக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் ஒரு முடி அகல இடைவெளி இருந்தால் போதும், ஈரப் பெயிண்டை அது அப்படித்தான் உள்ளே இழுக்கும். ஆகவே இரண்டு வேலை. இடைவெளியை அடைக்க வேண்டும், ஈரம் தேங்காமல் அடிக்க வேண்டும்.

அடைப்பதற்கு, டேப்பை ஒட்டியதும் பல்குச்சியின் பக்கவாட்டால் ஓரம் முழுக்க மெதுவாக நீவி விடுங்கள். நகத்தால் அழுத்தினால் டேப் நசுங்கி ஓரம் தூக்கும். விமானங்களில் பேனல் கோடுகள், அதாவது தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் பள்ளக் கோடுகள், குறுக்கே ஓடும். டேப் அந்தப் பள்ளத்தின் மேல் பாலம்போல் நின்றுவிடும், அடியில் ஒரு சின்ன சுரங்கம் உருவாகும். கசிவில் பாதி அங்கேதான் நடக்கிறது. பல்குச்சியின் கூர்முனையால் டேப்பை அந்தப் பள்ளத்துக்குள் அழுத்திவிடுங்கள்.

பிறகு நான் தவறாமல் செய்வது இது. புது நிறம் அடிப்பதற்கு முன், டேப்பின் ஓரத்தில் பழைய நிறத்தையே இன்னொரு முறை லேசாக அடிப்பேன். அல்லது நிறமில்லாத கிளியர் கோட் அடிப்பேன். கசிய வேண்டியது எதுவோ அது இந்த முறையே கசிந்து இடைவெளியை அடைத்துவிடும். கசிந்தது பழைய நிறம்தான், அதனால் கண்ணுக்குத் தெரியாது. அது காய்ந்ததும் புது நிறம். நான் கற்றுக்கொண்டதில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

அடிக்கும்போது ஏர்பிரஷ் (காற்றால் பெயிண்டைத் தூவும் சிறு கருவி) டேப்புக்கு நேர் மேலே நிற்க வேண்டும், அல்லது டேப்பின் பக்கமிருந்து வெளிப்பக்கம் பார்த்து அடிக்க வேண்டும். டேப்பின் ஓரத்தை நோக்கி அடித்தால் காற்றே பெயிண்டை அடியில் தள்ளும். என் ஏர்பிரஷ் 0.3 மில்லிமீட்டர் முனை. காற்றழுத்தத்தைப் பதினைந்து பிஎஸ்ஐ பக்கத்தில் வைத்து, பசும்பால் பதத்துக்குக் கரைத்து, தூறல்போல் மூன்று நான்கு தடவை அடிப்பேன். முதல் தடவையில் அடி நிறம் தெரிந்தால் தெரியட்டும். ஒரே தடவையில் மூடிவிட ஆசைப்படுகிறவர்களுக்குத்தான் கசிகிறது.

டேப்பை உரித்தால் அடியில் இருந்த பெயிண்டும் சேர்ந்து வந்துவிடுகிறது. டேப் சரியில்லையா?

எல்லாரும் டேப்பைத்தான் குறை சொல்கிறார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்தேன்.

நம் ஊர் பழைய ஃபெரியை நான் பிளாஸ்டிக் அட்டையில் 1/200 அளவில் செய்தேன். பட்டர்வொர்த்துக்கும் ஜோர்ஜ் டவுனுக்கும் இடையே ஓடிய இரண்டடுக்குப் படகு, 2020 இறுதியோடு நிறுத்தப்பட்டதே, அதுதான். என் அம்மா இளவயதில் தினமும் அதில் கடல் தாண்டி வேலைக்குப் போனவர். மேலே வெள்ளை, கீழே நீலம் என்று வைத்துக்கொண்டேன். வெள்ளை அடித்து, மறுநாள் டேப் ஒட்டி, நீலம் அடித்தேன். கோடு அருமையாக வந்திருந்தது. டேப்பை உரித்தேன். முன்பக்கம் ஒழுங்காக வந்தது. நடுப்பகுதிக்கு வந்ததும் டேப்போடு சேர்த்து ஒரு கட்டைவிரல் அளவுக்கு வெள்ளை, அடிப்பூச்சான பிரைமரோடு எழும்பியது, வெந்த முட்டையில் தோல் உரிவதுபோல். அடியில் சாம்பல் நிற பிளாஸ்டிக் பளபளவென்று தெரிந்தது.

அந்தப் பளபளப்புதான் காரணத்தைச் சொன்னது. பெயிண்ட் பிளாஸ்டிக்கைப் பிடிக்கவே இல்லை. மூன்று வாரம் அந்தப் படகைக் கையில் பிடித்துப் பிடித்து வேலை செய்திருக்கிறேன். கைவியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் நடுப்பகுதியில்தான் அதிகம், கட்டைவிரல் வைத்துப் பிடித்த இடம் அது. கழுவாமலே பிரைமர் அடித்திருக்கிறேன். டேப் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். ஒட்டி முடித்த மாடலை வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். கிட் புதிதாக இருந்தாலும் கழுவ வேண்டும், அச்சிலிருந்து எடுக்கத் தடவும் எண்ணெய் அதில் இருக்கலாம். நன்றாக உலர்ந்ததும் கையுறை போட்டுத்தான் தொட வேண்டும். பிறகு லாக்கர் பிரைமர், அதாவது தின்னர் என்ற கடுமையான கரைப்பானில் கரைத்த, சீக்கிரம் காயும் வகை. மிஸ்டர் சர்ஃபேஸர் 1500 மாதிரி ஒன்று பிளாஸ்டிக்கின் மேற்பரப்பை லேசாகக் கடித்துப் பிடிக்கும். அதன் மேல் எந்த வகை நிறமும் உறுதியாக நிற்கும். நீரில் கரையும் பிரைமர்கள் சில, காய்ந்த பிறகும் ரப்பர் தோல்போல் உரியும். மாஸ்கிங் நிறைய இருக்கும் மாடலுக்கு நான் அவற்றைத் தொடுவதில்லை.

அப்புறம் டேப்பின் பசையையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். ஒட்டுவதற்கு முன் புறங்கையிலோ ஜீன்ஸ் துணியிலோ ஒருமுறை ஒட்டி எடுங்கள். உலோக நிறங்கள் மேல் ஒட்டுவதென்றால் இரண்டு முறை.

உரிக்கும் விதமும் முக்கியம். மேல்நோக்கி இழுக்காதீர்கள். டேப்பை அதன் முதுகின் மேலேயே மடித்து, மாடலின் பரப்போடு ஒட்டினாற்போல், நத்தை வேகத்தில் இழுங்கள். எங்காவது அடம் பிடித்தால் ஹேர் டிரையரின் இளஞ்சூட்டை ஐந்து விநாடி காட்டினால் பசை இளகும்.

ஒரு நிறம் அடித்தபின் டேப் ஒட்ட எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்?

தொட்டால் ஒட்டவில்லை என்பதும் காய்ந்துவிட்டது என்பதும் ஒன்றல்ல. மேல்தோல் காய்ந்து உள்ளே பச்சையாக இருக்கும்.

என் வீட்டுக் கணக்கு இது. லாக்கர் என்றால் ஓர் இரவு. தாமியா அக்ரிலிக் என்றால் ஒரு முழு நாள், மழைக்காலத்தில் இரண்டு நாள். நீரில் கரையும் அக்ரிலிக் என்றால் இரண்டு மூன்று நாள். எனாமல் என்றால் ஒரு வாரம்.

மூக்கையும் நம்பலாம். மாடலை ஒரு டப்பாவில் போட்டு அரை மணி மூடி வைத்துவிட்டு, திறந்தவுடன் முகர்ந்து பாருங்கள். தின்னர் வாடை வந்தால் இன்னும் காயவில்லை. சிலர் உணவு உலர்த்தும் மின்பெட்டியை 40 டிகிரியில் வைத்துப் பயன்படுத்துகிறார்கள். அது நல்ல முறைதான், ஆனால் அதற்கு மேல் சூடு ஏற்றாதீர்கள். மெல்லிய பாகங்கள் வளைந்துவிடும்.

பளபளப்பான கருப்பு லாக்கர் அடித்தேன். காய்ந்ததும் சாம்பல் பூசியதுபோல் வெளுத்துவிட்டது. பெயிண்ட் கெட்டுப்போனதா?

பெயிண்ட் நல்ல பெயிண்ட்தான், காற்றில் இருந்த ஈரம் செய்த வேலை அது. லாக்கர் தின்னர் சீக்கிரம் ஆவியாகும். ஆவியாகும்போது மாடலின் மேற்பரப்பைக் குளிர வைக்கும், கையில் சானிடைசர் தடவினால் சில்லென்று இருக்கிறதே, அதுபோல். ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளியில் முத்து முத்தாக நீர் பூப்பதுபோல், அந்தக் குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் படிந்து பெயிண்டுக்குள் சிக்கிக்கொள்ளும். வெளுப்பு அதுதான். பளபள நிறங்களிலும் கிளியரிலும் அதிகம் தெரியும்.

வெளுத்துவிட்டால் பயப்பட வேண்டாம். மெதுவாக ஆவியாகும் தின்னர் ஒன்று இருக்கிறது, லெவலிங் தின்னர் என்று விற்பார்கள். பெயிண்ட் கலக்காமல் அதை மட்டும் மெல்லிய பனிபோல் அதன் மேல் அடியுங்கள். பெயிண்ட் இளகி, சிக்கிய ஈரத்தை விட்டுவிட்டு மறுபடி இறுகும். பல நேரம் வெளுப்பு மறைந்துவிடும். முதலிலேயே அந்தத் தின்னரில் கரைத்து அடித்தால் பிரச்சினையே பெரும்பாலும் வராது.

எங்கள் பக்கம் பினாங்கு மலையிலிருந்து மதியத்துக்கு மேல் மழை இறங்கும். மேகம் கறுத்தால் நான் லாக்கரை மூடிவைத்துவிடுவேன். செப்டம்பர் முதல் நவம்பர் வரை ஒட்டுவது, தேய்ப்பது, டிகால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் படம்) வேலைகள். ஜனவரி, பிப்ரவரியில் பினாங்கில் காற்று வறண்டிருக்கும். தைப்பூசத்தை ஒட்டிய வாரங்களில்தான் என் பளபள வேலைகள் எல்லாம் முடியும்.

ஏர்பிரஷுக்குக் காற்று தரும் கம்ப்ரஸரையும் கவனியுங்கள். அது உள்ளிழுக்கும் காற்றிலேயே ஈரம் இருக்கிறது. அழுத்தும்போது அது தண்ணீராகி, குழாய் வழியே வந்து, சரியான நேரம் பார்த்து மாடலின் மேல் ஒரு துளியாகத் துப்பும். ஈரம் பிடிக்கும் வடிகட்டியை ஏர்பிரஷுக்குப் பக்கத்தில் இன்னொன்று பொருத்துங்கள். வேலை முடிந்ததும் தொட்டியின் அடியில் உள்ள திருகைத் திறந்து தண்ணீரை வெளியேற்றுங்கள். முடிந்தால் கம்ப்ரஸரை ஏர்கான் அறையில் வைத்து, நீளமான குழாய் போட்டு, பால்கனியில் அடியுங்கள். இதைச் செய்த பிறகு என் மாடலில் துளி விழவே இல்லை.

எந்த நிறத்தை முதலில் அடிப்பது?

வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பிறகு. வெள்ளையின் மேல் நீலம் ஒரே நாளில் மூடும், நீலத்தின் மேல் வெள்ளை எத்தனை தடவை அடித்தாலும் கலங்கலாகத்தான் இருக்கும். மஞ்சளுக்கும் சிவப்புக்கும் அடியில் வெள்ளை கொடுங்கள்.

விதிவிலக்கு ஒன்று. வெளிர் நிறம் சின்ன இடத்திலும் அடர் நிறம் சிக்கலான வடிவத்திலும் இருந்தால், எதை மூடுவது சுலபம் என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

நார்மண்டி விமானங்களின் கறுப்பு வெள்ளைப் பட்டைகளை எப்படி நேராகப் போடுவது?

என் வகுப்பில் நான் விரும்பிச் சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. அளவு தெரிந்தால் டேப்பே அளவுகோலாகிவிடும்.

இரண்டாம் உலகப் போரில், 1944 ஜூன் மாதம் பிரான்சின் நார்மண்டியில் தரையிறங்கும் முன், நேச நாட்டு விமானங்களை அடையாளம் காண ஐந்து பட்டைகள் தீட்டினார்கள். வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை. ஒற்றை எஞ்சின் விமானத்தில் ஒவ்வொரு பட்டையும் 18 அங்குலம், இரட்டை எஞ்சின் விமானத்தில் 24 அங்குலம். பதினெட்டு அங்குலம் என்றால் 457 மில்லிமீட்டர். எழுபத்திரண்டால் வகுத்தால் 6.35. அதாவது 1/72 அளவு ஸ்பிட்ஃபயர் போர் விமானத்துக்கு 6 மில்லிமீட்டர் டேப் ஏறக்குறைய அப்படியே பொருந்தும்! 1/48 என்றால் 9.5, அதற்கு 10 மில்லிமீட்டர் டேப்.

முதலில் ஐந்து பட்டையும் வரும் அகலம் முழுவதும் வெள்ளை அடியுங்கள். நன்றாகக் காயட்டும். பிறகு அந்த வெள்ளையின் மேல் ஐந்து டேப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில், ஒன்றன் ஓரம் மற்றொன்றைத் தொடும்படி ஒட்டுங்கள். இரண்டாவதையும் நான்காவதையும் மட்டும் எடுத்துவிடுங்கள். இப்போது எந்தக் கணக்கும் போடாமல் இடைவெளிகள் தானாகவே சரியான அகலத்தில் நிற்கும். வெளி ஓரங்களுக்கு அப்பால் காகிதம் வைத்து மூடுங்கள். திறந்திருக்கும் இரண்டு இடத்திலும் முதலில் வெள்ளையையே ஒரு தூறல், கசிவை அடைக்க. பிறகு கறுப்பு. சுத்தக் கறுப்பு வேண்டாம், கொஞ்சம் அடர் சாம்பல் கலந்தால் அந்த அளவுக்குக் கண்ணுக்கு இயல்பாக இருக்கும். காய்ந்ததும் எடுத்திருந்த இரண்டு இடத்தையும் டேப்பால் மூடினால், பட்டைகள் மொத்தமும் பத்திரம். அதன் பிறகு மேல்புறத்து கேமஃப்ளாஜ் (மறைப்பு) நிறங்களை அடிக்கலாம்.

உண்மையான பட்டைகளைப் பல தளங்களில் தரைப்பணியாளர்கள் ஓரிரு நாளில் தூரிகையால் அவசரமாகத் தீட்டினார்கள். படங்களில் கோடுகள் கோணலாக இருப்பதைப் பார்க்கலாம். ஆகவே உங்கள் பட்டை லேசாக அலைந்தால் அழித்துவிட வேண்டாம்.

வளைவான கோட்டுக்கு டேப் வளைய மாட்டேன் என்கிறது.

அகலமான டேப் வளையாது. ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு இழைபோல் வெட்டினால் வளையும், அதைவைத்து ஓரத்தை வரைந்துவிட்டுப் பின்பக்கத்தை அகல டேப்பால் நிரப்புங்கள். வளைவுக்கென்றே இழுபடும் வெள்ளை வினைல் டேப்பும் 2, 3, 5 மில்லிமீட்டரில் கிடைக்கிறது. அதை இழுத்து ஒட்டாதீர்கள், சற்று நேரத்தில் சுருங்கி இடம் மாறிவிடும்.

விமானத்தின் கண்ணாடிக் கூடு! அதன் சட்டங்களை எப்படி அடிப்பது?

பயப்படுகிறவர்கள், அளவுக்கு வெட்டித் தரும் மாஸ்க் வாங்கிக்கொள்ளலாம். செக் நாட்டு எடுவார்ட் நிறுவனத்துடையது பல கிட்டுகளுக்குக் கிடைக்கிறது. அதில் குறை ஒன்றுமில்லை.

நானே செய்வதென்றால், சன்னல் ஒன்றுக்கு ஒரு டேப் துண்டை ஒட்டி, பல்குச்சியால் சட்டத்தின் மேடு தெரியும்வரை ஓரங்களை நீவுவேன். டேப்பில் சட்டத்தின் நிழல் ஒரு மெல்லிய கோடாக எழும். அன்றுதான் பிரித்த புது பிளேடு வேண்டும். பிளேடை அழுத்தக்கூடாது. அதன் எடையே டேப்பை வெட்டும். சட்டத்தின் மேடு, பிளேடு அதை ஒட்டி ஓட வழி காட்டும். மூலையில் நிறுத்தி, கூட்டைத் திருப்பி, எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து சேர வேண்டும். மூலையைத் தாண்டி வெட்டினால் கண்ணாடியில் கீறல் விழும், அது போகாது.

முதலில் விமானத்தின் உட்புற நிறம், அதன் மேல் வெளிப்புற நிறம். இப்படி அடித்தால் கண்ணாடி வழியே உள்ளே பார்க்கும்போது சட்டத்தின் உட்பக்கம் சரியான நிறத்தில் தெரியும்.

பாட்டிலில் வரும் திரவ மாஸ்க் நல்லதா?

இடம் பார்த்துப் பயன்படுத்தினால் நல்லது. அவற்றில் பல ரப்பர் பால் வகை. ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு மூடியைத் திறந்ததும் தெரிந்துவிடும். ரப்பர் பால் உறையாமல் இருக்க அமோனியா ஊற்றுவார்களே, அதே மூக்கைத் துளைக்கும் வாடை. என் தாத்தா பால் வெட்டப் போன காலத்தை அப்பா சொல்லும்போதெல்லாம் அந்த வாடையையும் சேர்த்துத்தான் சொல்வார். முதல் பாட்டிலைத் திறந்த அன்று அவரைக் கூப்பிட்டு முகரச் சொன்னேன். சிறிது நேரம் பாட்டிலைக் கையிலேயே வைத்திருந்தார்.

அந்த அமோனியா அக்ரிலிக் பெயிண்டைப் பாதிக்கக்கூடும். அக்ரிலிக் மேல் வைப்பதென்றால் முதலில் ஒரு மூலையில் சோதித்துப் பாருங்கள். கண்ணாடியிலும் லாக்கர் மேலும் கவலையில்லை. பழைய தூரிகையைச் சோப்பில் தோய்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் மயிர்களில் ரப்பர் உறைந்து தூரிகை போய்விடும். கூர்மையான கோட்டுக்கு இது வேண்டாம், கோட்டுக்கு டேப், உட்புறத்தை நிரப்ப திரவம். வாரக்கணக்கில் விட்டுவிடாமல் அடித்த ஓரிரு நாளில் உரித்துவிடுங்கள்.

கேமஃப்ளாஜ் நிறங்களின் ஓரம் புகைபோல் கலந்து வர வேண்டும். டேப் ஒட்டினால் வெட்டியதுபோல் இருக்கிறது.

இங்கே புளூ டேக் என்ற, களிமண் போல் பிசையக்கூடிய ஒட்டும் பொருளை எடுங்கள், எழுதுபொருள் கடையிலேயே இருக்கும். கைமுறுக்குச் சுற்ற மாவை உருட்டுவதுபோல் மெல்லிய திரியாக உருட்டி, நிறம் மாறும் கோட்டில் வையுங்கள். திரியின் உருண்டை வடிவம் ஓரத்தில் நிழல் விழச் செய்யும், அங்கே பெயிண்ட் மெல்ல மங்கி முடியும். திரிகளுக்கு இடையில் உள்ள பரப்பை டேப்பால் மூடுங்கள். ஏர்பிரஷ் செங்குத்தாக நிற்கட்டும், சாய்ந்தால் ஓரம் ஒரு பக்கம் மட்டும் பரவும்.

எவ்வளவு மங்கலாக வேண்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. உண்மையான விமானத்தில் அந்த மங்கல் ஐந்து சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 1/48இல் ஒரு மில்லிமீட்டர், 1/72இல் 0.7. பெரும்பாலானவர்கள் இதைவிட மிக அகலமாக அடித்துவிடுகிறார்கள். ஆகவே 1/72க்குத் திரி மெல்லியதாகவே இருக்கட்டும்.

பட்டர்வொர்த் விமானத் தளத்து ஹார்னெட் போர் விமானம் செய்கிறேன். வாலில் உள்ள நம் கொடியை மாஸ்க் பண்ணி அடிக்கலாமா, அங்கிள்?

வேண்டாம், தம்பி. 1997இல் நம் நாட்டுக்கு வந்த எட்டு ஹார்னெட்டில் ஒன்றைச் செய்ய ஆசைப்படுவது சந்தோஷம். ஆனால் நம் மலேசியக் கொடி ஜாலூர் கெமிலாங்கில் 14 கோடு. கொடி 6 மில்லிமீட்டர் உயரம் என்றாலும் ஒரு கோடு அரை மில்லிமீட்டர்கூட வராது, பிறகு 14 முனை நட்சத்திரம் வேறு இருக்கிறது. டிகால் போடு.

ஏர்பிரஷ் வாங்க இப்போது வசதியில்லை. ஸ்ப்ரே டின்னில் இதெல்லாம் முடியுமா?

தாராளமாக முடியும். டின்னை ஐந்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தி வையுங்கள், கொதிநீரில் வைக்கவே கூடாது. அழுத்தம் கூடி பெயிண்ட் மெல்லிய தூளாக வரும். மாடலுக்கு வெளியே தொடங்கி, கடந்து, வெளியே போய் நிறுத்துங்கள். டின்னில் பெயிண்ட் வேகமாக வருவதால் கசிவு அதிகம், ஓரத்தை அடைக்கும் அந்த முதல் தூறலை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

தூரிகை மட்டும்தான் என்றாலும் டேப் உதவும். டேப்பிலிருந்து வெளியே நோக்கித் தூரிகையை இழுங்கள்.

டேப்பை உடனே உரிப்பதா, காய்ந்த பிறகா?

மேல் ஈரம் போனதும் உரித்துவிடுங்கள், லாக்கர் என்றால் பதினைந்து இருபது நிமிடம். முழுக்க இறுகிய பெயிண்ட் டேப்போடு சேர்ந்து நொறுங்கி ஓரம் கடித்ததுபோல் ஆகும். ஓரத்தில் மேடு நின்றால் ஒரு வாரம் கழித்து 3000 எண் சேண்ட்பேப்பரைத் தண்ணீரில் நனைத்து நாலு தேய் தேயுங்கள். டிகால் ஒட்டுவதற்கு முன்பே இதை முடித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள் அடித்தால் ஆபத்தா?

ஆபத்துதான். இதைக் கேட்காமலே போகிறவர்களை நானே நிறுத்திச் சொல்கிறேன். லாக்கர் ஆவி தீப்பிடிக்கும். அடுப்பு அணைந்திருக்க வேண்டும். சாமி விளக்கும் ஊதுபத்தியும் முடிந்த பிறகுதான் பெயிண்ட் டப்பாவைத் திறக்க வேண்டும். சாதாரண முகக்கவசம் ஆவியைத் தடுக்காது, கரிம ஆவிக்கான வடிகட்டி பொருத்திய முகமூடி வேண்டும். சன்னல் திறந்திருக்கட்டும், காற்றாடி ஆவியை வெளியே தள்ளட்டும். கைக்குழந்தையோ கர்ப்பிணியோ வீட்டில் இருந்தால் லாக்கரை விட்டுவிட்டு நீரில் கரையும் பெயிண்டுக்கு மாறுங்கள், காயும் நாள் கூடினாலும் பரவாயில்லை.

பழகுவதற்கு ஒரு கிட்டைப் பாழாக்க மனம் வரவில்லை.

வெள்ளை பிளாஸ்டிக் கரண்டி ஒரு கட்டு வாங்குங்கள். கழுவி, பிரைமர் அடித்து, ஒரு நிறம், டேப், இன்னொரு நிறம். கரண்டியின் குழியில் வளைவு, காம்பில் நேர்க்கோடு, இரண்டும் ஒரே பொருளில் கிடைக்கிறது. ஒவ்வொரு கரண்டியின் பின்னாலும் எத்தனை மணி நேரம் காயவிட்டீர்கள், அன்று மழையா வெயிலா என்று எழுதி வையுங்கள். என்னிடம் அப்படி எழுபது கரண்டிக்கு மேல் இருக்கிறது. மேலே சொன்ன நேரக்கணக்கு எல்லாம் அவற்றிலிருந்து வந்ததுதான்.

அந்த ஃபெரி என்ன ஆச்சு, அங்கிள்?

பெயிண்ட் முழுவதையும் கரைத்து எடுத்துவிட்டு, கழுவி, இரண்டு நாள் காயவைத்து, மறுபடி தொடங்கினேன். இந்த முறை வெள்ளைக்கு நான்கு நாள் விட்டேன். டேப் ஒட்டி, வெள்ளையாலேயே ஓரத்தை அடைத்து, நீலம் அடித்து, இருபது நிமிடத்தில் உரித்தேன். நடுப்பகுதி வந்தபோது மூச்சை அடக்கிக்கொண்டேன். டேப் மட்டும் தனியாக வந்தது. இப்போது அது ஹாலில் அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்து அலமாரியில் இருக்கிறது. மேல்தளத்தில் இடதுபக்கம் மூன்றாவது பெஞ்சில் ஒரு சின்ன உருவம் உட்கார்ந்திருக்கும். அவர் வழக்கமாக உட்காரும் இடம் அதுதானாம்.